ஓய்வுப் பொழுதின் கணக்கு: சேராத கை

சென்ற திங்கள் இப்பகுதியில் பதின்மூன்று சீட்டு ரம்மியைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர் நீண்டதொரு மடல் விடுத்திருக்கிறார். அவருடைய புதல்வர் அலுவலின் பொருட்டு வேற்றூரில் தனித்து வாழ்பவர். விடுமுறைக்கு வந்தவர் 'போக்கர்' என்னும் சீட்டாட்டத்தைப் பற்றியே ஓயாது பேசினாராம். "இது சூதன்று அப்பா, கணக்கு" என்றாராம். அன்பர் நம்மிடம் கேட்பது இதுதான்: "அப்படியொரு கணக்கு உண்மையிலேயே உண்டா? உண்டெனில் எனக்கு விளங்குமாறு எழுதுங்கள். இல்லையெனில் அவனுக்கு விளங்குமாறு எழுதுங்கள்."

கணக்கு உண்டு. ஆயின் அது புதல்வர் எண்ணுவதைவிடச் சிறிது கடினமானது. தந்தையார் அஞ்சுவதைவிடச் சிறிது அழகானது. பொதுப்படப் பேசுவதால் ஒன்றும் விளங்காது. ஆகவே மெய்யாகவே நடந்த ஓர் ஆட்டத்தை, அதிலும் ஒரே ஒரு கையை, எடுத்துக்கொள்வோம். சீட்டுக் கட்டு ஒன்றும் எழுதுகோல் ஒன்றும் அருகில் இருந்தால் நலம்.

முதலில் ஆட்ட முறை. ரம்மி அறிந்தவர்க்கு இது நொடியில் பிடிபடும். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். அவற்றை அவரவரே அறிவர். பின்னர் மேசை நடுவே பொதுச்சீட்டுகள் மலர்த்தப்படும்: முதலில் மூன்று சேர்ந்தாற்போல், பிறகு ஒன்று, இறுதியில் மற்றொன்று. தம் இரண்டும் பொது ஐந்தும் ஆகிய ஏழிலிருந்து சிறந்த ஐந்தைக் கொண்டவரே வென்றவர். ஒரே எண் இரண்டு இருந்தால் ஜோடி. ஐந்து எண்கள் தொடர்ந்து வந்தால் வரிசை. ஐந்தும் ஒரே சாதியாக, எல்லாம் இஸ்பேடு என்றாற்போல் இருந்தால், அது வண்ணம். ஜோடியை வரிசை வெல்லும். வரிசையை வண்ணம் வெல்லும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இரண்டு சீட்டு வந்ததும் ஒரு முறை, மூன்று மலர்ந்ததும் ஒரு முறை, நான்காவது வந்ததும் ஒரு முறை, ஐந்தாவது வந்ததும் ஒரு முறை என நான்கு கட்டங்களில் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு முறையும் ஒருவர் தம் வில்லைகளை முன்வைக்கலாம். மற்றவர் அதற்கு ஈடு வைக்கலாம், அதற்கு மேலும் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். விலகியவர் வைத்தது போனது போனதுதான். எவரும் எதுவும் வைக்காமல் மேசையைத் தட்டிவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்பதும் உண்டு. எல்லாரும் விலகிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவரும் நடுவிலுள்ள குவியலை அள்ளிக்கொள்ளலாம். சீட்டைக் காட்டவும் வேண்டியதில்லை. இந்த ஒரு விதியால்தான் போக்கர் ரம்மியிலிருந்து முற்றிலும் வேறாகிறது. ரம்மியில் சேராத கையை வைத்துக்கொண்டு வெல்ல வழி அரிது. இங்கே உண்டு.

இனி, நாம் சொல்லவந்த கை. 2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்னும் சூதாட்ட விடுதியில் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். வந்தவர் 839 பேர். ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம் வில்லை தரப்பட்டது. வில்லை தீர்ந்தவர் எழுந்து போகவேண்டும்; கடையில் எஞ்சுபவர் ஒருவரிடம் 83,90,000 வில்லையும் சேரும். இறுதியில் எஞ்சியவர் இருவர். ஒருவர் சாம் ஃபர்ஹா. லெபனானில் பிறந்தவர், சீட்டையே தொழிலாகக் கொண்டு பெயர் பெற்றவர். மற்றவர் டென்னசி மாநிலத்துக் கணக்காளர், வயது 27, இணையத்தில் நடந்த சிறு போட்டியொன்றில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி வென்று, அதன் பயனாக இந்தப் பெரும் போட்டியில் இடம் பெற்றவர். அவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். பணம் படைப்பவர் என்று பொருள்படும் இப்பெயரை நாம் புனைந்தோம் என்று வாசகர் ஐயுற வேண்டாம். அது அவருடைய குடும்பப் பெயரே.

இருவர் மட்டுமே எதிரெதிர் அமர்ந்த ஆட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒன்பது பேர் சூழ்ந்த மேசையில் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருக்கலாம். இருவர் ஆட்டத்தில் அது இயலாது. ஒவ்வொரு கையிலும் இருவருமே கட்டாயத் தொகை ஒன்றை வைத்தாகவேண்டும்; காத்திருப்பவரின் வில்லை கரைந்துகொண்டே போகும். ஆகவே நடுத்தரமான, ஏன், எளிய சீட்டுகளோடும் மோதவேண்டியிருக்கிறது. எதிராளிக்கும் அதே நிலைதான். வெவ்வேறு எண்ணுள்ள இரண்டு சீட்டுகளை வைத்திருப்பவருக்கு, முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் ஜோடியாவது சேரும் வாய்ப்பு 100க்கு 32 அளவே. மூன்றில் இரண்டு முறை அவர் கையும் வெறுங்கைதான். அவர் அடிக்கடி விலகுவார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அன்று மணிமேக்கருக்கு வந்தவை இஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். அவர் பந்தயத்தை ஒரு லட்சமாக ஏற்றினார். ஃபர்ஹாவிடம் இஸ்பேடு ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும். அவர் ஈடு வைத்தார். நடுவில் சுமார் இரண்டு லட்சம் சேர்ந்தது.

முதல் மூன்று பொதுச்சீட்டுகள்: இஸ்பேடு ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேடு ஆறு. ஃபர்ஹாவுக்கு ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. மேசையிலுள்ள எண்களில் அதுவே பெரியது. ஆயினும் அவர் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தார். மணிமேக்கருக்கு ஒன்றும் சேரவில்லை, அவரும் தட்டினார்.

நான்காவதாக வந்தது இஸ்பேடு எட்டு. இங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

மணிமேக்கரின் நிலையைப் பாருங்கள். பொதுவில் ஒன்பது, ஆறு, எட்டு ஆகிய மூன்றும் இஸ்பேடு. தம் கையில் இஸ்பேடு ராஜா. இன்னும் ஓர் இஸ்பேடு வந்தால் வண்ணம் நிறைந்துவிடும். மேலும் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என நான்கு எண்கள் தொடர்ந்து நிற்கின்றன; ஐந்து வந்தாலும் பத்து வந்தாலும் வரிசை நிறைந்துவிடும். ஆனால் இந்த நொடியில் அவர் கையில் இருப்பது என்ன? தனி ராஜா ஒன்று. ஒரு ஜோடிகூட இல்லை. இத்தகைய கையைத்தான் நாம் சேராத கை என்கிறோம்: இன்று ஒன்றுமில்லை, நாளை எல்லாமும் ஆகலாம்.

ஃபர்ஹா மூன்று லட்சம் முன்வைத்தார். மணிமேக்கர் முன்னே மூன்று வழிகள்: விலகலாம், மூன்று லட்சம் ஈடு வைக்கலாம், அதற்கு மேல் ஏற்றலாம்.

முதலில் எத்தனை சீட்டு தமக்கு உதவும் என்று எண்ணவேண்டும். இஸ்பேடு பதின்மூன்றில் நான்கு கண்முன் இருக்கின்றன, எஞ்சியவை 9. ஐந்துகள் நான்கு, பத்துகள் நான்கு, ஆக 8. இவற்றுள் இஸ்பேடு ஐந்தையும் இஸ்பேடு பத்தையும் முன்னமே எண்ணிவிட்டோம். இரண்டைக் கழித்தால் 6. மொத்தம் 15. அவர் காணாத சீட்டுகள் 46. ஆக 46இல் 15. நூற்றுக்கு 32 அல்லது 33. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. காகிதம் இல்லாமல் கணிக்க விரும்புவோர்க்கு ஓர் எளிய வழி உண்டு: உதவும் சீட்டு ஒவ்வொன்றுக்கும், வரவேண்டிய ஒரு சீட்டுக்கு நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது என்று வரும். மேசையில் அமர்ந்திருப்பவருக்கு அவ்வளவு நுட்பமே போதும்.

இதில் ஒரு சிக்கல். எதிராளியிடம் ஒன்பது ஜோடி மட்டுமே இருந்தால், மற்ற மூன்று ராஜாக்களில் எது வந்தாலும் ராஜா ஜோடி அதை வெல்லும். உதவும் சீட்டு 18 ஆகிவிடும். மாறாக, எதிராளி இஸ்பேடு ஏஸுடன் முன்னமே வண்ணத்தை முடித்துவிட்டிருந்தால், நாம் எண்ணிய பதினைந்தும் பயனற்றவை. இரண்டில் எது என்று மணிமேக்கர் அறியார். பட்டியலில் அச்சிட்ட எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் போக்கரில் நெடுநாள் நிலைப்பதில்லை. எதிராளியின் கையில் என்னென்ன இருக்கக்கூடும் என்று நிறுத்துப் பார்த்த பிறகே பதினைந்து என்பது பதினான்கோ பதினேழோ ஆகிறது. கணக்கு என்று புதல்வர் சொன்னதில் பாதி இதுதான். இந்தப் பாதியை எந்த வாய்பாடும் கற்றுத்தராது.

இனி விலை. ஈடு வைப்பதென்றால் மூன்று லட்சம் போடவேண்டும். குவியலில் முன்னிருந்த இரண்டும் ஃபர்ஹா வைத்த மூன்றும் நம் மூன்றும் சேர்ந்து எட்டு லட்சம். எட்டில் மூன்று நம் பணம். ஆகவே எட்டில் மூன்று முறையாவது, அதாவது நூற்றுக்கு 37.5 முறை, வென்றால்தான் நட்டமில்லை. நமக்குள்ளதோ 33. சிறிது குறைகிறது. சீட்டு சேர்ந்த பிறகு எதிராளியிடமிருந்து மேலும் வாங்கலாம் என்பதால் அக்குறை நிரம்பக்கூடும். ஆனால் ஐந்தாவது சீட்டாக இஸ்பேடு விழுந்தால் மேசையில் நான்கு இஸ்பேடு நிற்கும். எதிராளி அஞ்சி ஒன்றும் தரமாட்டார். வரிசை சேர்ந்தால் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது, அப்போது தரலாம். மொத்தத்தில் ஈடு வைப்பது பெரும் பிழையன்று. பெரும் பயனும் அன்று.

மூன்றாவது வழியே இவ்வாட்டத்தின் உயிர். மணிமேக்கர் எட்டு லட்சமாக ஏற்றினார். இதனால் நேரக்கூடியவை இரண்டு. ஃபர்ஹா விலகினால், குவியலிலுள்ள ஐந்து லட்சம் அப்பொழுதே சொந்தம்; ஐந்தாவது சீட்டே தேவையில்லை. ஃபர்ஹா ஈடு வைத்தால், குவியல் பதினெட்டு லட்சமாகும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறு லட்சம், சராசரியாக மணிமேக்கருக்கு உரியது. அவர் போட்டது எட்டு. சராசரி நட்டம் இரண்டு லட்சம். ஒரு புறம் ஐந்து லட்சம் வரவு, மறு புறம் இரண்டு லட்சம் செலவு. எதிராளி ஏழு முறையில் இரண்டு முறை விலகினாலே கணக்கு நேராகிவிடும் என்பதை வாசகர் தாமே போட்டுப் பார்க்கலாம். அதற்குமேல் விலகும் ஒவ்வொரு முறையும் ஆதாயம்.

இதே எட்டு லட்சத்தை, சேர வழியே இல்லாத வெற்றுக் கையோடு ஏற்றியிருந்தால்? ஐந்து லட்சத்துக்காக எட்டு லட்சத்தைப் பணயம் வைத்ததாகும். பதின்மூன்றில் எட்டு முறை எதிராளி விலகியாகவேண்டும். ஏழில் இரண்டுக்கும் பதின்மூன்றில் எட்டுக்கும் உள்ள தொலைவே சேராத கையின் மதிப்பு. டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்னும் அமெரிக்க நூலாசிரியர் இதற்குப் பாதிப் பொய் என்று பொருள்படும் ஒரு பெயரிட்டார். நல்ல பெயர். பொய் எடுபட்டால் இப்பொழுதே வெற்றி. எடுபடாவிட்டாலும் மெய்யாவதற்கு இன்னும் ஒரு சீட்டு மிச்சம்.

இவ்வழிக்கு ஓர் இடர் உண்டு. எதிராளி விலகவும் இல்லை, ஈடு வைக்கவும் இல்லை, தம் வில்லை எல்லாவற்றையும் முன்தள்ளிவிட்டால் என் செய்வது? ஏற்றிய எட்டு லட்சத்தை விட்டுவிட்டு ஓடவேண்டும், அல்லது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்போடு பெருந்தொகையைக் கட்டவேண்டும். இரண்டும் கசப்பானவை. ஆகவேதான் கையில் வில்லை சுருங்கியிருக்கும்போது, கட்டாயத் தொகையைப் போல் பத்து மடங்கே இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள், சேராத கையைப் பாதி தொகைக்கு ஆடலாகாது என்பர் அறிந்தோர். இருப்பதையெல்லாம் முதலில் தாமே முன்தள்ளி, அஞ்சும் பொறுப்பை எதிராளியிடம் விட்டுவிடுவது மேல். அல்லது தொடக்கத்திலேயே விலகுவது மேல். நடுவழியில் நின்று ஈடு வைத்துக்கொண்டே போவதுதான் வில்லையைத் தின்னும்.

மூன்று பொதுச்சீட்டு மட்டும் மலர்ந்த நிலையில் இன்னும் இரண்டு சீட்டு வரவிருப்பதால் எண்கள் உயரும். வண்ணத்துக்கு ஒன்று குறைந்த கை இறுதிக்குள் நிறைவது நூற்றுக்கு 35. இருபுறமும் திறந்த வரிசை 31 அல்லது 32. நடுவில் ஓர் எண் மட்டும் குறைந்த வரிசை 16 அல்லது 17. உதவும் சீட்டு 15 உள்ள கை 54. அதாவது ஒன்றுமே சேராத அந்தக் கை, ஜோடி சேர்ந்த கையைவிடச் சற்றே வலியது! அத்தகைய கையோடு விலகுவதைப் பற்றி எண்ணவும் வேண்டியதில்லை.

போட்டி ஆட்டம் என்பதால் கணக்கில் மாறுதல் உண்டா? மேசையில் பலர் இருக்கும்வரை மிகப் பெரிய மாறுதல் உண்டு. ஒருவர் வெளியேறினாலே மற்றவர்க்கு அடுத்த படிப் பரிசு உறுதியாவதால், அங்கே இழக்கும் வில்லையின் மதிப்பு பெறும் வில்லையின் மதிப்பைவிட மிகுதி; கஞ்சத்தனமே அறிவு. இருவரே எஞ்சியதும் அது நீங்கிவிடுகிறது. அன்று முதற் பரிசு 25 லட்சம் டாலர். இரண்டாம் பரிசு 13 லட்சம். 13 லட்சம் இருவர்க்கும் உறுதி. போராட்டம் எஞ்சிய 12 லட்சத்துக்கு மட்டுமே. மொத்த வில்லையில் பாதி வைத்திருப்பவரின் நிலையை 13உம் 6உம் சேர்ந்து 19 லட்சம் என்று மதிக்கலாம். கால் பங்கு வைத்திருப்பவரின் நிலை 16 லட்சம். ஒவ்வொரு வில்லைக்கும் ஒரே விலை. வெறும் வில்லைக் கணக்கே பணக் கணக்காகிவிடும் இடம், இத்தகைய போட்டிகளில் இந்த ஓரிடம்தான். 12 லட்சம் டாலர் ஒரு சீட்டில் தொங்கும்போது கை நடுங்காதிருப்பது வேறு செய்தி.

கதைக்குத் திரும்புவோம். ஃபர்ஹா விலகவில்லை. ஈடு வைத்தார். அவருக்கும் ஒன்பது ஜோடியோடு இஸ்பேடு ராணி இருந்ததன்றோ? இன்னோர் இஸ்பேடு வந்தால் தமக்கும் வண்ணம் என்று எண்ணியிருக்கலாம். இருவர் சீட்டையும் கண்ட நமக்குத் தெரியும், இஸ்பேடு வந்தால் அவர் ராணி வண்ணம் ராஜா வண்ணத்திடம் தோற்றிருக்கும் என்று. நால்வர் கண்ணும் படாத சீட்டு 44, அவற்றில் இஸ்பேடு 8, வேறு ஐந்தும் பத்தும் 6, ராஜா 3, ஆக 17 சீட்டுகள் மணிமேக்கருக்கு, 27 ஃபர்ஹாவுக்கு.

ஐந்தாவது சீட்டு ஆர்ட்டின் மூன்று.

எதுவும் சேரவில்லை. பாதிப் பொய் முழுப் பொய்யாயிற்று. ஃபர்ஹா மேசையைத் தட்டினார். நடுவில் பதினெட்டு லட்சம். சீட்டைக் காட்டினால் ஒன்பது ஜோடி தனி ராஜாவை வெல்லும், ஐயமே இல்லை. மணிமேக்கர் தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் முன்தள்ளினார்.

ஃபர்ஹா நெடுநேரம் எண்ணினார். வண்ணம் சேராமற்போயிற்றோ என்று வாய்விட்டே கேட்டார். மிகச் சரியான ஊகம். மணிமேக்கர் அசையவில்லை. ஈடு வைத்து வென்றிருந்தால் அந்தக் கணமே ஆட்டம் ஏறத்தாழ முடிந்திருக்கும். ஃபர்ஹா சீட்டைக் கவிழ்த்தார்.

இந்தக் கையைத் தொலைக்காட்சியில் வருணித்தவர் நூற்றாண்டின் பொய் என்று இதைப் புகழ்ந்தார். நம் மதிப்பு சற்று வேறு. இறுதியில் துணிந்தது பெரிதுதான். ஆனால் அத்துணிவுக்கு வழி அமைத்தது நான்காவது சீட்டில் செய்த ஏற்றம். அங்கே ஏற்றாமல் வெறுமனே ஈடு வைத்திருந்து, மூன்று விழுந்ததும் திடீரென எல்லாவற்றையும் தள்ளியிருந்தால், அந்தக் கதையை ஃபர்ஹா நம்பியிருப்பாரா? எட்டு வந்ததும் ஏற்றியவரிடம் வண்ணமோ வரிசையோ முன்னமே முடிந்திருக்கலாம் என்று அஞ்ச இடமிருந்தது. ஆட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே கதையைச் சொல்லின. ஃபர்ஹாவையும் எள்ளவேண்டியதில்லை. ஒரே ஒரு ஜோடியோடு போட்டியின் முழுத் தலைவிதியையும் பணயம் வைக்க அவர் மறுத்தார். மேலும் பொறுமையாக ஆடினால் இந்தக் கற்றுக்குட்டியை வெல்லலாம் என்று தம் திறமையை நம்பினார். பலமுறை அது சரியான முடிவாகவே இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்நாளில் மேசையில் சிறு ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி, கவிழ்த்த சீட்டையும் வீட்டில் இருந்தோர்க்குக் காட்டினார்கள். பார்த்தவர் அனைவர்க்கும் ஃபர்ஹா செய்யவேண்டியது தெளிவாகத் தெரிந்தது. நாமே ஆடினாலும் வெல்வோம் என்ற எண்ணம் ஆயிரக்கணக்கானோர்க்கு வந்தது. 2003இல் 839 பேர் வந்த போட்டிக்கு 2004இல் 2,576 பேரும், 2006இல் 8,773 பேரும் வந்தார்கள். முதற் பரிசு ஆண்டுக்கு ஒருவர்க்குத்தான்.

மடல் எழுதிய அன்பர்க்கு இனி நேராகவே மறுமொழி கூறுவோம். புதல்வர் பொய் சொல்லவில்லை. கணக்கு மெய். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கின் மறுபெயர், மூன்றில் இரண்டு பங்கு தோல்வி. சரியாக ஆடியும் தோற்பவரே அங்கு மிகுதி. நூறு நூறு கைகள் ஆடிய பின்னரே திறமையின் நிழல் தெரியும். விடுதியானாலும் இணைய நிறுவனமானாலும் குவியலிலோ கட்டணத்திலோ தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். சமமான இருவர் ஆடினால் காலப்போக்கில் இருவருமே தோற்பது அதனால்தான். மாதச் சம்பளத்தில் வாடகையும், ஊருக்கு அனுப்பும் பணமும், பயணச்சீட்டும் போக எஞ்சுவதைக் கொண்டு வாழும் இளைஞர்க்கு அந்த நூறு நூறு கைகள் வரை தாங்கும் பண வலிமை இருக்கிறதா என்பதே வினா.

எளிதில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தந்தையும் மகனும் சேர்ந்தே செய்யலாம். கட்டிலிருந்து இஸ்பேடு ராஜா, ஆர்ட்டின் ஏழு, இஸ்பேடு ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேடு ஆறு, இஸ்பேடு எட்டு ஆகிய ஆறையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். எஞ்சிய 46ஐயும் நன்றாகக் கலைத்து, மேலே உள்ளதை மலர்த்துங்கள். இஸ்பேடோ ஐந்தோ பத்தோ வந்தால் மகன் பக்கம் ஒரு புளியங்கொட்டை. இல்லையேல் தந்தை பக்கம் ஒன்று. மீண்டும் கலைத்து, இவ்வாறு அறுபது முறை. மகன் பக்கம் இருபதை ஒட்டிச் சேரும். கணக்கு மெய் என்று தந்தையார்க்கு விளங்கும். ஆனால் இடையில் தொடர்ந்து ஆறு முறை வராமற்போவதையும் காண்பீர்கள். எந்த ஆறை எடுத்தாலும் அவ்வாறு நேர்வது ஏறத்தாழ பதினொன்றில் ஒரு வாய்ப்பு, அறுபது முறையில் அது வராதிருந்தால்தான் வியப்பு. அந்த ஆறும் தொடர்ந்து ஆறு மாதச் சேமிப்பாக இருந்தால் என்னாகும் என்பது மகனார்க்கு விளங்கும். புளியங்கொட்டைக்குச் செலவில்லை.

மற்றொன்று: ஆடுகிற ஒவ்வொரு நாளும் வைத்ததும் எடுத்ததும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படவேண்டும். கணக்கு என்று சொல்பவர் கணக்கு எழுதத் தயங்கலாகாது. வென்ற நாள் நினைவில் நிற்கும். தோற்ற நாள் மங்கும். ஏடு இரண்டையும் ஒரே மையில் காட்டும்.

சட்டத்தைப் பற்றியும் அன்பர் வினவியிருந்தார். நம்மைப் போல் மாநிலம் மாநிலமாகப் பரந்து வாழ்வோர் அறிந்திருக்கவேண்டிய செய்தியே. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது 1968ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் காணப்படும் ஆந்திர வழக்கொன்றில். போக்கருக்கு அத்தகைய ஒரே முடிவு நெடுங்காலம் வாய்க்கவில்லை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் சூதாட்டத்தின் இலக்கணத்திலிருந்து விலக்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கர் சூதே என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டென்று தமிழக அரசு பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. ஒரே சீட்டுக் கட்டு கல்கத்தாவில் ஒன்றாகவும் அகமதாபாத்தில் வேறாகவும் பொருள்பட்டது! பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா வாய்ப்பா என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. புதல்வர் ஆடுவது கைப்பேசியில் பணம் கட்டி எனில், அவர் கணக்கு எவ்வளவு செம்மையானதாயினும் அந்த வாதம் அங்கே செல்லாது.

பணமின்றி, வீட்டிலோ சங்கத்திலோ புளியங்கொட்டை வைத்து ஆடுவோர்க்கு இறுதியாக ஒரு பயிற்சி. 2003ஆம் ஆண்டுப் போட்டி முடிந்த கடைசிக் கை இது. மணிமேக்கரிடம் டைமன் ஐந்தும் இஸ்பேடு நான்கும். ஃபர்ஹாவிடம் ஆர்ட்டின் ஜாக்கியும் டைமன் பத்தும். முதல் மூன்று பொதுச்சீட்டுகள் இஸ்பேடு ஜாக்கி, இஸ்பேடு ஐந்து, கிளாவர் நான்கு. ஃபர்ஹாவுக்கு ஜாக்கி ஜோடி. மணிமேக்கருக்கு ஐந்தும் நான்குமாக இரண்டு ஜோடி. இருவருடைய வில்லையும் நடுவுக்குப் போய்விட்டன. நான்காவது சீட்டு டைமன் எட்டு. இருவர் கையும் தெரிந்த நமக்கு எஞ்சியவை 44. அவற்றுள் எத்தனை சீட்டு ஃபர்ஹாவைக் காப்பாற்றியிருக்கும்? எட்டு ஜோடியானால் என்னாகும் என்பதை மறவாமல் எண்ணுங்கள். வந்தது என்னவோ ஆர்ட்டின் ஐந்து. மணிமேக்கர் 25 லட்சம் டாலரோடு எழுந்தார். சரியான விடையை அடுத்த திங்கள் வெளியிடுவோம். சிறுவர் சிறுமியரும் விடை எழுதலாம்.